உழைப்பாளர் சிலைக்குப் பொழிப்புரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை சொல்லும் கருத்தை விளக்கி ஒரு பலகை வைக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பலகை அவசியம் வேண்டும். ஆனால் அதில் கருத்து எழுத வேண்டாம்.

ஓவிய ஆசிரியராக இருந்தபோது, வரைந்து பழகுவதற்காக மாணவர்களை அங்கே அழைத்துப் போவேன். நான்கு ஆட்கள் ஒரு பாறையை நெம்பிப் பெயர்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் பாறை அசைந்துவிட்டதா, இனிமேல்தான் அசையுமா என்று பிள்ளைகளுக்குள் பெரிய வாக்குவாதமே நடக்கும். அசையவில்லை என்கிற பையன் தொடையும் தோளும் முறுக்கேறித் தெறிக்கிற மாதிரி கோடு போடுவான். அசைந்துவிட்டது என்கிறவன் வரைந்த உடம்பில் ஒரு விடுதலை தெரியும். இரண்டுக்கும் அந்தச் சிலையில் இடம் இருக்கிறது. ஒரு பலகை முதலிலேயே விடையைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏன் உற்றுப் பார்க்கப்போகிறார்கள்?

என் அம்மா கட்டட வேலையில் சித்தாளாக இருந்தவர். சிலையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கல்லு சுமந்த பொம்பளைங்க ஒருத்தியையும் காணோமே" என்றார். அதன்பிறகு அந்த நான்கு பேரை மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை. அங்கே இல்லாதவர்களும் கண்ணில் நிற்கிறார்கள்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு அது மே தினச் சிலை. 1923இல் சிங்காரவேலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தினார். சிலை வந்ததோ 36 ஆண்டுகள் கழித்து, 1959இல், காமராஜர் முதல்வராக இருந்தபோது. ஆனாலும் இரண்டும் மக்கள் மனதில் ஒன்றாகிவிட்டன. அதுவும் நியாயம்தான்.

சரி, பலகையில் என்ன எழுதலாம்? சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரியின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதலாம். சென்னை ஓவியப் பள்ளிக்கு, அதாவது இன்றைய கவின்கலைக் கல்லூரிக்கு, நெடுங்காலம் முதல்வராக இருந்தவர் அவர். இதே கடற்கரையில் உள்ள காந்தி சிலையும் அவர் கைவண்ணமே. தினமும் அந்த வழியாகப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பெயர், ஆண்டு, வெண்கலம் என்ற விவரம் போதும்.

பலகையைச் சிலைக்கு முன்னால் நட்டு மறைத்துவிடாமல், ஓரமாக, சின்னப் பிள்ளைகளும் படிக்கிற உயரத்தில் வைக்கும்படி மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
ராயபுரம், சென்னை