மாமா நெஞ்சுக்குள்ள ஒரு ஸ்பாஞ்சு

டேய் மாப்ள,

ஒரு மாசமா போனே எடுக்கலன்னு திட்டி மெசேஜ் போட்டிருந்த, திட்டு, தப்பில்ல. அக்கா வீட்டு மாமாவுக்குத்தான்டா. குலசாமி கோயில் கெடாவெட்டுல மூக்கு முட்ட சாப்ட்டு ராத்திரி குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி, அடுத்த நிமிஷம் நெஞ்சப் புடிச்சிட்டு சுருண்டுட்டாரு. பக்கத்துல ஒரு கிளினிக்ல கேஸ்னு ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. மறுநாள் மூச்சு வாங்குது, கழுத்து வீங்கி அமுக்குனா நறநறங்குது. பெரிய ஆஸ்பத்திரில சிடி ஸ்கேன் எடுத்தா உணவுக்குழாய் கீழ்ப்பக்கம் கிழிஞ்சு, தின்னது குடிச்சது எல்லாம் இடது நெஞ்சுக்குள்ள.

இதுக்கு போயர்ஹாவ்னு ஒரு டாக்டரோட பேரத்தான் வச்சிருக்காங்களாம். அவரு ஹாலந்துக்காரர். நல்லா தின்னுட்டு வாந்தி வர வைக்க மருந்து குடிச்சு செத்துப்போன ஒரு கடற்படை அட்மிரலோட கதைய 1724லயே எழுதி வச்சிருக்காரு, நெஞ்ச அறுத்துப் பாத்தப்ப வாத்துக்கறி வாசம் வந்துச்சாம். சின்ன டாக்டர் ஒருத்தர் இத ரசிச்சு சொல்றாரு, எங்க அக்கா மொறச்ச மொறப்பு இருக்கே!

ஒரு நாளுக்கு மேல ஆயிட்டதால கிழிஞ்ச எடமெல்லாம் அழுகி, தையல் நிக்காதுன்னுட்டாங்க. விலாவுல ஒரு டியூப் போட்டு சீழ் எடுத்தாங்க. அப்புறம்தான் இந்த ஸ்பாஞ்சு. சுகர்காரங்க கால் புண்ணுக்கு வாக்குவம் மிஷின் வைப்பாங்கல்ல, அதேதான், உள்ள வைக்கிறாங்க, அவ்ளோதான். மூக்கு வழியா போற டியூப் நுனில ஸ்பாஞ்சக் கட்டி, எண்டோஸ்கோப்ப, அதான் கேமரா வச்ச குழாய, வச்சு ஓட்டை வழியாவே அந்தக் குழிக்குள்ள தள்ளிட்டு, வெளிய மிஷின்ல மைனஸ் 125 mmHg அழுத்தத்துல ராத்திரி பகலா உறிஞ்ச விடுறாங்க. நான் என்ன நெனச்சேன்னா ஓட்டைன்னா அடைக்கணும், இவங்க என்னடா ஓட்டைக்குள்ளயே ஒண்ணத் திணிக்கிறாங்கன்னு. ஆனா அடைச்சா உள்ள இருக்குற சீழ் எங்க போகும்? அத இழுத்துக்கிட்டே இருந்தா குழி சுருங்குது, ரத்த ஓட்டம் வந்து புதுச்சதை வளருது. ஜெர்மனில மொதல்ல மலக்குடல் ஆபரேஷன்ல தையல் விட்டுப்போனவங்களுக்குத்தான் செஞ்சாங்களாம், அப்புறந்தான் மேல வந்துச்சு.

கஷ்டம் என்னன்னா நாலு நாளைக்கு ஒருக்கா மாத்தணும், ஒவ்வொரு தடவையும் மயக்கம் குடுத்து. விட்டு வச்சா சதை ஸ்பாஞ்சோட சின்னச் சின்ன ஓட்டைக்குள்ளயே வளந்து ஒட்டிக்கும், பிச்சு எடுக்கறப்ப ரத்தம் வரும், பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் வேற. மாமாவுக்கு அஞ்சு ஸ்பாஞ்சு. மொதல்ல எடுத்தது ஒரே நாத்தம், ஒவ்வொண்ணும் முன்னத விட சின்னதா வெட்டி வச்சாங்க, அஞ்சாவது என் சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். நடுராத்திரி எங்கயாவது காத்து லீக் ஆச்சுன்னா மிஷின் கத்தும், அக்கா அலறி எந்திரிக்கும். சோறு கெடையாது, குடலுக்குப் போன டியூப்ல பால் மாதிரி ஒண்ணு ஏத்துவாங்க. பக்கத்து பெட்காரர் இட்லி சாப்பிடறத மாமா பாத்த பார்வையிருக்கே, பாவம்டா.

போன வாரம் மருந்து குடிக்க வச்சு எக்ஸ்ரே எடுத்தாங்க, லீக் இல்ல. மொத வாய் தண்ணிய முழுங்கிட்டு மனுசன் அஞ்சு நிமிஷம் பேசவே இல்ல.

உன் பொண்ணு காலேஜ் அட்மிஷன் என்னாச்சு? ஞாயித்துக்கெழமை முடிஞ்சா வீட்டுக்கு வா. மாமா முன்னாடி கறிப்பேச்சு மட்டும் எடுக்காத, அவருக்கு இன்னும் கரைச்ச ரசஞ்சோறுதான்.