மரம் நடச் சொன்ன அந்த ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரக் கொடைக்கானல் கட்டுரையைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 'வீணாய்க் கிடக்கும் வெற்றுச் சரிவுகளில் மரம் நட்டால் மலை செழிக்கும்' என்று போட்டிருக்கிறீர்கள். பக்கத்திலேயே பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றின் படம். அதற்கு அந்துப்பூச்சி என்று பெயர் போட்டிருக்கிறீர்கள். அதன் உணர்கொம்பின் நுனி குண்டூசித் தலை போல உருண்டிருப்பது உங்கள் படத்திலேயே தெரிகிறதே! அது பட்டாம்பூச்சியின் அடையாளமல்லவா? யாரும் பார்க்கவில்லையா?

அது பழனி ஃபோர்ரிங் (Palni Fourring) என்ற பட்டாம்பூச்சி. தென்னிந்திய மலைகளை விட்டால் வேறெங்கும் கிடையாது. என் தம்பி கொடைக்கானல் அருகே மன்னவனூர்ப் பக்கம் வேலையில் இருந்தபோது நானே பார்த்திருக்கிறேன். உயரப் பறக்காது, புல்லுக்குள்ளேயே தத்தித் தத்திப் போகும். மேகம் வெயிலை மறைத்தால் ஒரு புல் தாளில் உட்கார்ந்து சிறகை மூடிக்கொள்ளும். அப்போது சிறகின் அடிப்பக்கத்தில் மஞ்சள் வளையமிட்ட, கண் போன்ற கறுப்புப் புள்ளிகள் தெரியும். அதன் புழு தின்பதும் புல்லைத்தான். நீங்கள் வெற்றுச் சரிவு என்று சொன்ன அந்தப் புல்வெளியில் மரத்தை வைத்தால் அது எங்கே போகும்?

வைத்துத்தான் பார்த்தாயிற்றே. சீகை (வாட்டில்), யூகலிப்டஸ், பைன் தோட்டங்களாலும் விவசாயத்தாலும் நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-லேயே ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் சுற்றுலா மலர் என்றால் பைன் காட்டைத்தான் இயற்கை எழில் என்று அட்டையில் போடுகிறீர்கள்.

செட்டிநாட்டுக்காரர்களான நாங்களும் இதில் பட்டவர்கள்தான். பொட்டல் என்று சொல்லி எங்கள் ஊரைச் சுற்றித் தைல மரம் வைத்தார்கள். அப்புறம் ஊருணிக்கு வரத்துக்கால் வழியே வந்த தண்ணீர் வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. அதைப் பற்றி நான் எழுதிய கடிதம் உங்கள் பக்கத்தில் வரவே இல்லை. செட்டிநாடு என்றால் கோழிக்குழம்பும் ஆயிரம் ஜன்னல் வீடும் மட்டும்தானா? 2019-ல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தபோதும் ஓரமாய் நாலு வரியோடு முடித்துவிட்டீர்கள். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் இதழ் என்பதால்தான் வருத்தம் அதிகமாக இருக்கிறது.

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் படத்துக்குச் சரியான பெயரைப் போடுங்கள். மரம் நடச் சொன்ன அந்த வரி தவறு என்றும் அதே இடத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, தேவகோட்டை