அப்பாவின் காலைக் காப்பாற்றிய எல்லோருக்கும்

எங்கள் அப்பாவின் வலது கால் விரல் ஒன்றுகூடக் குறையாமல் முழுசாக இருக்கக் காரணமானவர்களுக்கு இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. நேரில் சொல்ல வந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது, அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்கு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய, வீடு தேடி மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வேலை பார்ப்பவர் அவர். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனால் அக்காவின் வேலை முடிந்தது. ஆனால் அன்று அவர் போகவில்லை. வாசலிலிருந்து உள்ளே வந்த அப்பாவின் ஒரு கால் செருப்பு படியிலேயே கழன்று நின்றுவிட்டது. அது தெரியாமலே அவர் கூடம் வரை நடந்துபோனார். "ஐயா, இப்படி உட்காருங்க, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்று அக்கா தரையில் உட்கார்ந்து அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டார். கட்டைவிரலுக்குக் கீழே தடித்த காய்ப்பு, அதன் நடுவில் முறிந்து நின்ற கருவேல முள், சுற்றிலும் சீழ். அந்த முள்ளோடு எத்தனை நாள் நடந்தாரோ, அப்பாவுக்கு வலியே இல்லை.

அதற்கு முன்பே கால் சொல்லிப் பார்த்திருக்கிறது. ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறது என்று போர்வைக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு படுப்பார். "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு" என்பார். நாங்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய ஒரு கிளினிக்கில் பாதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வயசானால் அப்படித்தான் என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பினார்கள். பிறகு எரிச்சல் தானாகக் குறைந்தது. சரி, குணமாகிவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் இருந்தோம்.

அப்படி இல்லை என்று விளக்கியவர் அரசு மருத்துவமனை டாக்டர் அம்மா. எரிச்சல் நின்றது நரம்பு தேறியதால் மட்டும் இருக்காது, அந்த நரம்பிழைகள் செத்துப்போனதாலும் இருக்கலாம் என்றார். டாக்டர் அம்மா, வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருந்தும் நீங்கள் அவசரப்படவில்லை. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையை அது வளையும் வரை பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தி, "தொட்டா சொல்லுங்க" என்றீர்கள். அப்பா சொல்லவே இல்லை. இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்தீர்கள், அதிர்வு தெரியவில்லை. கணுக்காலில் சுத்தியலால் தட்டினீர்கள், கால் அசையவில்லை.

அப்புறம் சர்க்கரைதான் காரணம் என்று அதோடு முடித்துவிடாமல் ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். குடிப்பழக்கம் உண்டா, டி.பி.க்கு மாத்திரை சாப்பிட்டதுண்டா, சிறுநீரகம் எப்படி, தைராய்டு பார்த்தாயிற்றா. முதுகிலும் கையிலும் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தேடினீர்கள். முழங்கைக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்த்தீர்கள், தொழுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள. கடைசியில் ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைவு என்று தெரிந்தது. பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது குறையக்கூடும் என்றீர்கள். அப்பா சுத்த சைவம் வேறு. சர்க்கரையால் கெட்டிருந்த நரம்பை இந்தக் குறைவும் சேர்ந்து கெடுத்திருக்கிறது. அதற்கு ஊசி போட்டது உங்களால்தான்.

ஏன் காலில் ஆரம்பித்தது என்று அம்மா கேட்டதற்கு நீங்கள் சொன்ன பதிலை அம்மா இப்போது தெருவில் எல்லோருக்கும் சொல்கிறார். முதுகிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்புதான் உடம்பிலேயே நீளம், அதனால் அதன் நுனிதான் முதலில் அடி வாங்கும், மெல்ல மேலேறி முழங்காலை நெருங்கும் சமயத்தில் கைவிரலிலும் தொடங்கும். பாதத்தில் வேர்வை நின்று தோல் வெடிப்பதும், எழுந்து நின்றதும் தலை சுற்றுவதும்கூட நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்றீர்கள். அப்பாவுக்கு இரண்டும் இருந்தன.

புண்ணைச் சுத்தம் செய்த நர்ஸ் அம்மாவுக்கும், சீழ் வற்றியபின் புண்ணில் பாரம் விழாதபடி மாவுக்கட்டு போட்ட அண்ணனுக்கும் நன்றி.

செருப்பு செய்துகொடுத்த அண்ணனுக்குத் தனியாகவே எழுதலாம். அண்ணே, அப்பாவைக் காகிதத்தில் நிற்கவைத்துப் பென்சிலால் பாதத்தை வரைந்தீர்கள். உள்ளே எம்.சி.ஆர். என்கிற, நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர், அடியில் கெட்டியான அட்டை, கழலாமல் இருக்கப் பின்வார். ஆணி ஒன்றுகூட இல்லை, நாளைக்கு அது மேலே வந்தாலும் இவருக்குத் தெரியாது என்பதால். இந்த ரப்பரின் கதையை நீங்கள் சொன்னபிறகு நானும் தேடிப் படித்தேன். 1914-இல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை பார்த்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துக் காட்டியவர். மரத்துப்போன பாதங்களுக்காக அவரும் அவரோடு இருந்தவர்களும் செருப்பில் வைத்த ரப்பர்தான் இன்று எங்கள் அப்பா காலடியில் இருக்கிறது. அந்த நோயாளிகளுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

கட்டு மாற்றப் போன ஒவ்வொரு முறையும் அப்பாவைத் தூக்கி ஏற்றி இறக்கிய ஆட்டோ அண்ணனுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. "அப்புறம் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லிச் சொல்லியே நீங்கள் பாதிக் காசு வாங்கவில்லை. அண்ணே, வருகிற ஞாயிற்றுக்கிழமை அண்ணியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் சாப்பிட வரவேண்டும். அப்பாவே கடைக்கு நடந்துபோய் இலை வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்ட மகள்