தமிழ்ச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025 (டர்பன், தென்னாப்பிரிக்கா)

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளும் முதியோர் மதிய உணவும் ஆண்டு முழுவதும் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பங்கு இணையதளத்தைச் சீர்செய்வதில் போயிற்று. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த ஓர் அம்மா என்னைத் தனியே அழைத்தார். முன்பு காட்டோ மேனரில் அவர் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவர், இதே டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் காலமாகிவிட்டார். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று பார்க்க, டாக்ஸியில் போகும்போதே போனில் நம் தளத்தைத் திறந்திருக்கிறார். வரவேற்புரை வந்தது, முன்னாள் தலைவர்களின் படங்கள் வந்தன, கட்டட நிதி கொடுத்தவர்களின் பட்டியல் வந்தது. இறுதிச்சடங்கு அறிவிப்பு கண்ணில் படுவதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. "முகத்தைக்கூடப் பார்க்கல தம்பி" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த அறிவிப்பை ஏற்றியவன் நான்தான்.

முதல் வேலையாகத் தளத்தில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பக்கம் விடாமல் பட்டியல் எடுத்தோம். யாருக்காக எழுதியது, கடைசியாக எப்போது திருத்தியது, இன்றும் சரிதானா, யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள். தைப்பூசக் காவடி நேரம் மட்டும் நான்கு இடங்களில் இருந்தது. நான்கும் நான்கு வெவ்வேறு ஆண்டுகளின் நேரம்!

பிறகு, முதியோர் உணவு நாளில் சாப்பாட்டு மேசைகளைத் துடைத்துவிட்டு, தலைப்புகளை அட்டைகளில் எழுதிப் பரப்பினோம். "உங்களுக்கு ஒன்றாகப் படுவதை ஒன்றாக வையுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அதுவரை நம் தளம் செயற்குழு, கலைக்குழு, மகளிர் அணி என்று நிர்வாகத்தின் வரிசையில்தான் இருந்தது. மேசையில் ஒரு கைகூட அப்படி அடுக்கவில்லை. வீட்டில் சாவு, கல்யாணம், கோவில், பிள்ளைகள், நம் முன்னோர் என்றே அடுக்கினார்கள். ஒரு பாட்டி 'ஆடி மாத அம்மன் திருவிழா' என்ற அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது என்ன பூசை?" என்று கேட்டார். கூழ் ஊற்றுவது என்றேன். "போரிட்ஜ் பிரேயர்னு எழுதக் கூடாதா?" என்றார். இப்போது தலைப்பு அதுதான். அழகிய தமிழ்ப் பெயர் அடுத்த வரியில் இருக்கிறது, பிள்ளைகளும் படித்துக்கொள்கிறார்கள்.

முகப்பில் இனி மூன்றே இடங்கள். மேலே இறுதிச்சடங்கு அறிவிப்பு, அந்த இடம் எந்த மாதமும் மாறாது. அதன் கீழே அந்தந்தக் காலத்துக்கு உரியது: தையில் காவடி, புனித வெள்ளி நெருங்கும்போது மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவில் திருவிழா, ஆடியில் கூழ், புரட்டாசியில் விரதம், நவம்பரில் முன்னோர் வந்திறங்கிய நாள். மூன்றாவது தேடல் பெட்டி. முகப்பில் படம் ஒன்றுக்கு மேல் கிடையாது.

நன்கொடையாளர் பட்டியலும் தலைவர்களின் படங்களும் முகப்பிலிருந்து போவதில் சிலருக்கு வருத்தம் இருந்தது. மூன்று கூட்டங்கள் அதற்கே ஆயின. அந்த வருத்தம் நியாயமானது. இந்த மண்டபத்தின் செங்கல் ஒவ்வொன்றும் அவர்கள் கொடுத்தது. சீர்காழியில் பிறந்து நூலகத் துறைக்கே வழிகாட்டிய எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். 'வாசகரின் நேரத்தைக் காப்பாற்று' என்பது நான்காவது விதி, முகப்புக்கு அதுதான் அளவுகோல். 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு' என்பது மூன்றாவது, ஆகவே எதையும் அழிக்கவில்லை. பழையவை எல்லாம் 'பெட்டகம்' என்ற பகுதியில் ஆண்டு வாரியாக இருக்கின்றன.

என் மனம் அதிகம் ஒன்றிய வேலை கப்பல் பட்டியல்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் வந்து சேர்ந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தவர்கள் 1,52,184 பேர். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடலில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் தந்த நகல்களை நாம் ஒரே பெரிய கோப்பாகப் போட்டிருந்தோம். போனில் அதைத் திறக்கவே முடியாது. இப்போது ஒரு நபருக்கு ஒரு சிறு பக்கம். கப்பல் பெயர் தெரிந்தவர் கப்பல் வழியாகவும், வட ஆர்க்காடு என்று மட்டும் தெரிந்தவர் மாவட்டம் வழியாகவும், ஆண்டு தெரிந்தவர் ஆண்டு வழியாகவும் அதே பக்கத்துக்கு வரலாம். ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துக் காணும் இந்த முறையும் 1933-ல் ரங்கநாதன் தம் கோலன் பகுப்பு என்ற நூல் வகைப்பாட்டு முறையில் காட்டியதுதான். பெயர்கள்தான் பெரும் பாடு. ஆங்கில எழுத்தில் முதலியார் மூட்லி ஆகிவிட்டார், கவுண்டர் கவெண்டர் ஆகிவிட்டார், முனிசாமி மூன்சாமி. எந்த எழுத்தில் தேடினாலும் எல்லாம் சேர்ந்து வரும்படி இணைத்துக்கொண்டிருக்கிறோம். பாதிதான் முடிந்திருக்கிறது.

ஒவ்வொரு பகுதிக்கும் இனி ஒரு பொறுப்பாளர் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் தம் பக்கங்களைப் பார்த்துத் தேதி போட வேண்டும். காலாவதியான அறிவிப்பு பெட்டகத்துக்குப் போய்விடும்.

இன்னும் தொடாதது, அலமாரியில் இரண்டு பெட்டி நிறைய இருக்கும் தெருக்கூத்து ஒலிநாடாக்கள். யார் பாடுகிறார், எந்தக் கதை என்று உறைகளில் எழுதவில்லை. இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் பெற்ற அந்தக் கூத்தைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் வந்து உட்கார்ந்து கேட்டு, குரலை அடையாளம் சொல்ல வேண்டும். நாடா ஓட்டும் பெட்டி தயாராக இருக்கிறது.

செயலாளர்