விரல் மூட்டுக்கு மணிக்கட்டு எலும்பு

கிளிநொச்சி

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய எக்ஸ்ரேயைப் பார்த்தேன். மோதிர விரலின் நடு மூட்டில், நடு எலும்பின் அடி உள்ளங்கைப் பக்கமாக நொறுங்கி, எலும்பு புறங்கைப் பக்கம் வழுக்கி நிற்கிறது. உடைந்த பங்கு 30 வீதத்துக்குள் என்றால் மட்டை கட்டிப் பார்க்கலாம். உனக்கு மூட்டுப் பரப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்த மூட்டு தானாக நிற்காது. இங்கே கரப்பந்தாட்டத்தில் நுனியில் அடிபட்ட பிள்ளைகள் மைதானத்திலேயே விரலை இழுத்துவிட்டு, புக்கை கட்டி இருந்துவிட்டு, வளையாத விரலோடுதான் கிளினிக்குக்கு வருகிறார்கள். நீ உடனே காட்டியது நல்லது, ராசா.

நொறுங்கிய இடத்தில் வைக்க டொக்டர் எடுக்கப்போவது ஹமேற் என்ற எலும்பின் ஒரு துண்டு. அந்த எலும்பு சின்னவிரல் பக்கத்து மணிக்கட்டில் இருப்பது. நாலாம், ஐந்தாம் உள்ளங்கை எலும்புகள் வந்து முட்டும் அதன் புறப்பக்க விளிம்பில் இரண்டு குழிகளும் நடுவே வயல் வரம்பு போல ஒரு மேடும் உண்டு. உன் விரலில் நொறுங்கியதும் அதே அமைப்பு. குருத்தெலும்போடு சேர்த்தே எடுப்பதால் வழுவழுப்பான முகமும் கிடைக்கும். இடுப்பெலும்பில் வெட்டினால் அது கிடைக்காது.

விரலை உள்ளங்கைப் பக்கம் கோணல்மாணலாகக் கீறி, வளைக்கும் தசைநாண்களை ஒதுக்கி, எலும்புகளை இரு பக்கமும் பிடித்திருக்கும் இணைய நார்களை விடுவித்து, மூட்டைப் பின்பக்கம் மடித்துத் திறப்பார்கள். நொறுங்கியதை நீக்கி, இடத்தைச் சதுரமாக்கி அளந்து, துண்டைச் சற்றுப் பெரிதாக எடுத்துச் சீவிப் பொருத்தி, 1 முதல் 1.5 மி.மீ. தடிப்புள்ள 2 அல்லது 3 ஸ்குரூ போடுவார்கள். இதில் பிழைக்கும் இடம் ஒன்று: துண்டைத் தட்டையாக வைத்தால் எலும்பு சேர்ந்தாலும் மூட்டு மறுபடி வழுக்கும். உள்ளங்கைப் பக்க விளிம்பு உதடு போல எழும்பி, குழிவு திரும்ப வேண்டும். ஸ்குரூ நீண்டால் புறங்கைப் பக்கத் தசைநாணில் உரசும்.

பிறகு உன் பங்கு. முதல் கிழமைக்குள்ளேயே அசைக்கத் தொடங்கச் சொல்வார்கள்; புறங்கைப் பக்கம் மட்டை இருக்கும், விரல் முழுதாக நீளாமல் ஏறத்தாழ 20 பாகை மடிப்பில் நிற்கும், அதிலிருந்து வளைக்கலாம். நோவுக்குப் பயந்து அசைக்காமல் விட்டால் ஒட்டிப்போகும். நுனி மூட்டையும் தனியாகப் பிடித்து வளை; பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வீக்கம் வற்றக் கையை நெஞ்சுக்கு மேல் வைத்திரு. சிகரெட் வேண்டவே வேண்டாம்: வைத்த துண்டுக்கு உடனே இரத்தம் கிடையாது, நிக்கொட்டின் வரும் இரத்தத்தையும் சுருக்கும். முழு வளைவும் திரும்பாமல் போகலாம், கொஞ்சம் நீளாமலும் நிற்கலாம். ஆனால் பிடிக்க உதவும் விரலாக இருக்கும்.

சத்திரசிகிச்சை முடிந்ததும் நேர் பக்கவாட்டு எக்ஸ்ரே அனுப்பு. மற்ற விரல்கள் மேலே விழாமல் எடுக்கச் சொல்லு.

அன்புடன்,
அம்மா