பகிர்ந்துண்ணும் கிறிஸ்துமஸ் ரொட்டி: சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடுவில் கேமம்பேர் என்னும் மென்மையான பிரெஞ்சுச் சீஸை வைத்து, அதைச் சுற்றி மாவு உருண்டைகளை மலர்வளையம் போல அடுக்கிச் சுடும் ரொட்டியின் செய்முறை, தங்கள் நாளிதழின் கிறிஸ்துமஸ் சிறப்பிணைப்பில் வெளியாகியிருந்தது. ஆண்டுதோறும் பிளம் கேக்கையும் ரோஸ் குக்கீஸையுமே திரும்பத் திரும்ப வெளியிடும் வழக்கத்திலிருந்து விலகி, இனிப்பில்லாத ஒரு பண்டிகைப் பண்டத்துக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அந்தச் செய்முறை ‘முட்டை சேர்க்காததால் முழுச் சைவம்’ என்ற குறிப்போடு வந்திருப்பதும், அளவுகள் எல்லாம் கப் கணக்கில் இருப்பதும், இதை யார் சாப்பிடக் கூடாது என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததும் இக்கடிதத்தை எழுத வைத்தன. ஒருவர் தனக்கென்று செய்து தானே தின்னும் பண்டமாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இதுவோ பலர் ஒரே தட்டில் கைநீட்டிப் பிய்த்துத் தின்பதற்கென்றே சுடப்படும் ரொட்டி. அந்த மேசையில் யார் யார் உட்காருவார்கள் என்பதை எண்ணாமல் இதன் செய்முறையை எழுதக் கூடாது என்பதே என் வாதம்.

நான் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கிறேன். இங்கே டிசம்பர் பிறந்துவிட்டால் சூப்பர் மார்க்கெட்டுகளில் வட்ட மரப்பெட்டிகளில் கேமம்பேர் அடுக்கப்பட்டுவிடும். கிறிஸ்துமஸ் விருந்துக்கும் சீஸுக்கும் இந்நாட்டில் உள்ள உறவு பழையது. டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்கம்ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களில் மட்டுமே தயாரிக்கச் சட்டம் இடம் தரும் ஸ்டில்டன் என்னும் நீலச் சீஸ் இல்லாமல் பல வீடுகளில் பண்டிகை நிறைவடைவதில்லை. யார்க்‌ஷயர்க்காரர்கள் கிறிஸ்துமஸ் கேக்கையே வென்ஸ்லிடேல் சீஸ் துண்டோடு சேர்த்துத்தான் தின்பார்கள். கேள்விப்பட்டதும் முகம் சுளிக்கும் நம்மவர்கள் ஒருமுறை தின்று பார்த்தால் மறுமுறை கேட்பார்கள். ஆக, சீஸ் சேர்ந்த ரொட்டி கிறிஸ்துமஸ் மேசைக்கு வருவதில் வியப்பில்லை. கேள்வி எல்லாம் எந்தச் சீஸ் என்பதில்தான் இருக்கிறது.

பால் கட்டியாவதற்கு ரென்னெட் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். மரபான முறையில் இது பால்குடி மறவாத கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. கேமம்பேரின் தாயகமான பிரான்சின் நார்மண்டியில், அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிச் சட்டப் பாதுகாப்புடன் விற்கப்படும் சீஸ், காய்ச்சாத பச்சைப் பாலில் விலங்கு ரென்னெட் சேர்த்தே செய்யப்படுகிறது. செய்முறையின் இறுதியில் ‘மேலே தூவ’ என்று சொல்லப்பட்டுள்ள பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்னும் இத்தாலியச் சீஸுக்கும் கன்றின் ரென்னெட்தான் விதி. முட்டை இல்லை என்ற ஒரே காரணத்தால் இவற்றை முழுச் சைவம் என்று அச்சிடுவது, கிறிஸ்துமஸ் அன்று அழைப்பை ஏற்று நம் வீட்டுக்கு வரும் சைவ உணவுக்காரரை அவர் அறியாமலேயே நோன்பு முறிக்க வைப்பதற்குச் சமம். என் தெருவில் குஜராத்திக் குடும்பங்கள் பல உண்டு. கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டுக்கு வரும் அவர்கள் ரொட்டியைத் தொடுவதற்கு முன் கேட்கும் முதல் கேள்வியே சீஸ் உறையைக் காட்ட முடியுமா என்பதுதான். அந்தக் கேள்வியில் குறை காண எனக்கு எதுவும் தோன்றவில்லை.

இதற்குத் தீர்வு கடினமானதும் அல்ல. பூஞ்சையிலிருந்தோ நொதித்தல் முறையிலோ பெறப்படும் ரென்னெட்டைக் கொண்டு செய்த சீஸ்கள் இப்போது ஏராளமாகக் கிடைக்கின்றன. பிரிட்டனில் விற்கும் செடார் வகைகளில் பெரும்பாலானவற்றின் உறையில் சைவ உணவுக்காரருக்கு ஏற்றது என்ற குறிப்பு இருக்கும். கேமம்பேர் பாணியில் செய்யப்படும் சில சீஸ்களிலும் அந்தக் குறிப்பைக் காணலாம். இந்தியாவில் வாங்குபவர்கள் உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இறக்குமதிச் சீஸாக இருந்தால் உட்பொருள் பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. செய்முறையில் இதற்கு இரண்டு வரி போதுமானதாக இருந்திருக்கும்.

இரண்டாவது, இதைவிடக் கவலைக்குரியது. கேமம்பேர், பிரீ போன்று மேலே வெண்பூஞ்சை படர்ந்த மென்மையான சீஸ்களைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும் என்று பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை அறிவுறுத்துகிறது. ஆவி பறக்கும் அளவுக்கு முழுவதும் சூடாக்கப்பட்டிருந்தால் மட்டுமே விலக்கு. இவ்வகைச் சீஸில் ஈரப்பதம் மிகுதி, புளிப்பு குறைவு. ஆகவே லிஸ்டீரியா என்னும் கிருமி அதில் எளிதாகப் பெருகும். பிற கிருமிகள் பல அடங்கிவிடும் குளிர்பதனப் பெட்டியின் குளிருக்கு அது அடங்குவதும் இல்லை. பாஸ்ச்சரைஸ் செய்த பாலில் தயாரித்த சீஸ் என்பதால் மட்டும் இந்த எச்சரிக்கை விலகிவிடாது. ரொட்டியின் நடுவே சுட்ட சீஸ்தானே, வெந்துவிடாதா என்று கேட்கலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்து வைத்த 250 கிராம் கேமம்பேர், சுற்றியுள்ள உருண்டைகள் பொன்னிறமாகும் 20 நிமிடத்தில் மேலே குமிழியிட்டாலும் அடிப்பகுதியில் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கக்கூடும். தங்கள் செய்முறையோ ‘சீஸ் லேசாக இளகியதும் எடுத்துவிடவும்’ என்கிறது. கர்ப்பிணிகளும் மிக முதியவர்களும் நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்களும் கூடும் குடும்ப விருந்தில் அப்படி எடுத்துப் பரிமாறக் கூடாது. மேசையைச் சுற்றி அத்தகையவர் ஒருவர் இருந்தாலும் வேறு சீஸுக்கு மாறிவிடுவதே என் பரிந்துரை.

மாற்று என்னவென்று சொல்லாமல் குறை மட்டும் கூறுவது முறையல்ல. ஈரம் குறைந்த மொஸரெல்லா கட்டியை ஒவ்வொன்றும் 10 கிராம் வரும்படி சிறு கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு மாவு உருண்டைக்குள்ளும் ஒன்றை வைத்து, கொழுக்கட்டைக்குப் பூரணம் வைத்து மூடுவது போல ஓரங்களைக் கூட்டிக் கிள்ளி மூட வேண்டும். மூடிய பக்கம் அடியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் உருகிய சீஸ் வெளியே வழிந்து தட்டில் கருகும். தண்ணீரில் மிதக்க விட்டு விற்கும் மொஸரெல்லா இதற்கு ஆகாது. அதன் நீர் மாவை ஊற வைத்து உள்ளே வேகாமல் செய்துவிடும். துருவித் தயாராக விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவியிருப்பார்கள், அதனால் கட்டியாக வாங்குவதே மேல். பன்னீர் வைத்தால் என்ன என்று ஊரிலிருந்து உறவினர்கள் கேட்டதுண்டு. பன்னீர் கொதிக்கும் பாலில் புளிப்புச் சேர்த்துத் திரிப்பது. எவ்வளவு சூடு காட்டினாலும் அது உருகாது, இழையாக நீளவும் செய்யாது. ருசியான பன் கிடைக்கும், பிய்த்தவுடன் நீளும் சீஸ் கிடைக்காது. நடுவே சீஸ் பெட்டி இருந்த இடத்தில் காரமான தக்காளிச் சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டால், என் அனுபவத்தில் கேமம்பேரைவிட அதுவே முதலில் தீர்கிறது.

அடுத்து அளவுகள். தங்கள் செய்முறை ‘4 கப் மாவு’ என்கிறது. அள்ளுகிற கையைப் பொறுத்து ஒரு கப் மாவு 120 கிராமாகவும் இருக்கலாம், 150 கிராமாகவும் இருக்கலாம். ஆகவே 4 கப் என்பது 480 முதல் 600 கிராம் வரை எதுவாகவும் இருக்கலாம். அதே 320 மில்லி தண்ணீரை ஊற்றினால் ஒரு வீட்டில் மாவு கையில் ஒட்டிக்கொண்டு வரும், அடுத்த வீட்டில் பூரி மாவு போல இறுகிவிடும். எனவே எடையில் தருகிறேன்: மாவு 500 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், வெண்ணெய் 30 கிராம், வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 320 மில்லி. இந்தத் தண்ணீர் அளவு, 12 முதல் 14 சதவீதம் வரை புரதமுள்ள பிரெட் மாவுக்கானது. தமிழ்நாட்டில் கடையில் கிடைக்கும் மைதாவில் புரதம் இதைவிடக் குறைவு என்பதால் முதலில் 280 மில்லி ஊற்றிப் பிசைந்து, தேவைப்பட்டால் மட்டும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். 10 நிமிடம் விடாமல் பிசைந்தபின், சிறு துண்டைக் கிள்ளி இரு கையாலும் இழுத்தால் கிழியாமல் மெல்லிய ஏடாக விரிய வேண்டும்.

காலநிலையும் கவனிக்க வேண்டிய ஒன்று. டிசம்பரில் என் சமையலறையில் மாவு இரு மடங்காக உப்ப இரண்டு மணி நேரம்கூட ஆகும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ அதே மாவு ஒரு மணி நேரத்துக்குள் பொங்கி, கவனிக்காமல் விட்டால் புளித்த வாடை வீசத் தொடங்கிவிடும். அங்குள்ளவர்கள் ஈஸ்ட்டை 5 கிராமாகக் குறைத்துக் குளிர்ந்த நீரில் பிசைவது நலம். முதல்நாள் இரவே பிசைந்து மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுவது அதைவிட நலம். 24ஆம் தேதி இரவு ஆராதனைக்குப் போக வேண்டிய வீடுகளில் அன்று மாலை உருட்டி அடுக்கும் வேலை மட்டுமே மிஞ்சும், மணமும் கூடும்.

இந்த அளவில் பிசைந்த மாவு 35 கிராம் வீதம் 24 உருண்டைகளுக்குச் சரியாக வரும். கேமம்பேர் வைப்பதாக இருந்தால், பெட்டியிலிருந்து சீஸை எடுத்துவிட்டு வெறும் பெட்டியைத் தட்டின் நடுவில் வைத்து, உள்வட்டத்தில் 9, வெளிவட்டத்தில் 15 என்று சிறு இடைவெளி விட்டு அடுக்கி, அவை உப்பி ஒன்றையொன்று தொடும்வரை பொறுக்க வேண்டும். உப்பும் நேரம் முழுவதும் சீஸை வெளியே வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. சுடுவதற்குச் சற்று முன் எடுத்து, உறைத்தாளை நீக்கி, மேல்தோலில் கட்டம் கட்டமாகக் கீறி, பூண்டுச் சீவலைச் செருகிப் பெட்டிக்குள் வைத்தால் போதும். மரப்பெட்டி ஸ்டேப்ளர் பின் அடித்து இணைத்ததா, பசையால் ஒட்டியதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பெட்டி சூட்டில் பிரிந்து சீஸ் முழுவதும் ரொட்டிக்கு அடியில் ஓடிவிடும். சந்தேகம் இருந்தால் அதே அளவுள்ள சூடு தாங்கும் பீங்கான் கிண்ணமே போதும். உருண்டைகளின் மேல் முட்டைக்குப் பதில் பால் தடவி, 200 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் சுட்டு, வெளியே எடுத்தவுடன் பூண்டு வெண்ணெய் பூச வேண்டும். நம் ஊர் வீடுகளில் உள்ள சிறிய மேசை ஓவனில் 30 சென்டிமீட்டருக்கு மேல் விரியும் இந்த இரட்டை வட்டம் நுழையாது. பாதி மாவில் ஒற்றை வட்டமாக அடுக்கலாம். தங்கள் பக்கத்திலிருந்த படத்தைப் பார்த்துப் பெரிய தட்டு வாங்கியவர்கள் எத்தனை பேரோ!

கடைசியாக, எழுதத் தயங்கிய ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஒருவர் கடித்த துண்டையே மறுபடியும் நடுவிலுள்ள சீஸில் தோய்ப்பது இந்த ரொட்டியைத் தின்னும் இடங்களில் சாதாரணமாக நடக்கிறது. எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, முக்கியமாகப் பாட்டிகளுக்கு, அதற்குப் பின் அந்தக் கிண்ணத்தின் பக்கம் கை போகாது. போகாத கையை நாகரிகம் தெரியாத கை என்று எண்ண வேண்டியதும் இல்லை. ஆளுக்கொரு சிறு தட்டும், சீஸுக்கு ஒரு நீளக் கரண்டியும் வைத்துவிட்டால் கிண்ணம் காலியாகும்வரை எல்லோரும் தின்னலாம். பாளையங்கோட்டையில் பண்டிகை அன்று முறுக்கும் அதிரசமும் நிறைந்த தட்டைத் துணி மூடி அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்பும் குடும்பங்களில், எந்த வீட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று தட்டு நிரப்பும்போதே பார்த்து வைப்பார்கள். ரொட்டியை நடுவில் வைத்து அழைக்கும்போதும் அந்தக் கவனம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எனவே ‘முழுச் சைவம்’ என்ற குறிப்பை விலக்கிக்கொண்டும், கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைச் சேர்த்தும், அளவுகளைக் கிராமில் மாற்றியும் ஒரு திருத்தம் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 20ஆம் தேதிக்குள் அது வெளிவந்தால், சீஸை இன்னும் வாங்காத வாசகர்களுக்காவது பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
லெஸ்டர், இங்கிலாந்து