ஆவணி முகூர்த்தக் காலத்தில் மாற்றப்பட்ட கடை மென்பொருள்: புகார் கடிதம்

அனுப்புநர்:
உரிமையாளர்,
பாத்திரம் மற்றும் ஜவுளி விற்பனை நிலையம்,
காரைக்குடி.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சில்லறை வணிக மென்பொருள் நிறுவனம்,
சென்னை.

நாள்: 27-10-2025

பொருள்: புதிய பதிப்புக்கு மாற்றியதில் நேர்ந்த குறைபாடுகள் – திருத்தமும் இழப்பீடும் கோருதல்.

ஐயா,

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில் உள்ள எங்கள் கடைகளும் கோட்டையூரில் உள்ள கிடங்கும் பல ஆண்டுகளாகத் தங்கள் மென்பொருளைக் கொண்டே இயங்கி வருகின்றன. பழைய பதிப்புக்கான பராமரிப்பு நிறுத்தப்படுவதாகத் தாங்கள் அறிவித்ததால், இந்த ஆவணி மாதத்தில் புதிய பதிப்புக்கு மாறினோம். தங்களுடைய மாதிரித் தரவை வைத்து மட்டும் சோதித்துவிட்டு, எங்களுக்கு வியாபாரம் உச்சத்தில் இருக்கும் மாதத்தில், பழையதற்குத் திரும்பும் வழி எதையும் வைக்காமல் மாற்றத்தைச் செய்து முடித்தீர்கள் என்பதே இக்கடிதத்தின் அடிப்படைப் புகார்.

மாற்றத்தைப் புரட்டாசிக்குத் தள்ளி வைக்குமாறு முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டிருந்தோம். உரிமக் காலம் முடிவதைக் காரணம் காட்டி மறுத்துவிட்டீர்கள். செட்டிநாட்டில் கல்யாண வீட்டார் சீர்ச் சாமான்களை முகூர்த்தத்துக்குப் பல மாதங்கள் முன்பே பேசி முடிப்பார்கள். அன்றைய பித்தளை விலையில் கிலோவுக்கு இவ்வளவு என்று உறுதி செய்து, முன்பணம் கட்டி, முகூர்த்தம் நெருங்கும்போது வந்து எடுத்துக்கொள்வார்கள். பொருள் பட்டியலையும் இருப்பையும் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்த தங்கள் பணியாளர்கள், நிலுவையில் இருந்த ஆர்டர்களையும் முன்பணக் கணக்கையும் விட்டுவிட்டார்கள். கண்டனூரிலிருந்து வண்டியோடு வந்து நின்ற ஒரு குடும்பத்தாரின் பெயரே திரையில் இல்லை. அவர்கள் கையில் இருந்த ரசீதை நம்பிப் பேசிய விலைக்கே சரக்கைக் கொடுத்தோம். கணினியில் இல்லை என்று கல்யாண வீட்டாரிடம் சொல்லும் வழக்கம் எங்கள் கடையில் இல்லை. ஆனால் அந்தக் கணக்குகள் இன்றுவரை நேராகவில்லை.

அடுத்து, தரவு வந்து சேர்ந்த விதம். அண்டா, தவலை, குத்துவிளக்கு போன்றவற்றை எண்ணிக்கையிலும் எடையிலும் சேர்த்தே கணக்கு வைப்பது பாத்திரக் கடையின் நடைமுறை. பழைய பதிப்பு இரண்டையும் ஏற்றது. புதியது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டதால், ஓர் அண்டா ஒரு கிலோவாகப் பதிவாகி, கிடங்கின் இருப்பு மதிப்பே தலைகீழானது. பூஜ்ஜியத்தில் தொடங்கும் பொருள் எண்களை எக்செல் வழியாக ஏற்றியபோது முன்னால் இருந்த பூஜ்ஜியங்கள் உதிர்ந்துவிட்டன. அதனால் 0125 என்ற பித்தளைத் தூக்கும் 125 என்ற எவர்சில்வர் அடுக்கும் ஒரே பொருளாக ஒட்டிக்கொண்டன. சரக்கின் மேல் ஏற்கெனவே ஒட்டியிருந்த பார்கோடு வில்லைகளைக் கருவி படிக்க மறுத்தது. தமிழை ஆங்கில எழுத்துக் குறிகளாகவே சேமிக்கும் பழைய பாமினி எழுத்துருவில் உள்ளிட்டிருந்த பெயர்களை, இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றாமல் அப்படியே நகலெடுத்ததால், கிடங்குச் சீட்டில் பெயர்களுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் அச்சாயின. தமிழ்ச் சீட்டைப் பார்த்துச் சரக்கெடுக்கும் எங்கள் பணியாளர்கள் எதைப் படித்து எதை எடுப்பார்கள்? இந்த மாற்றத்தைச் செய்து தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

வரி தொடர்பான குறைகள் இன்னும் கடுமையானவை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய எங்களைப் போன்ற நிறுவனங்கள், ஜிஎஸ்டி பதிவு பெற்ற வாடிக்கையாளர்களுக்கு அரசுத் தளம் வழங்கும் மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) எண்ணுடன்தான் பில் தர வேண்டும். தங்கள் பொறியாளர் அந்த எண்ணைப் பெறும் இணைப்பை உண்மையான தளத்துக்கு மாற்றாமல் சோதனைத் தளத்திலேயே விட்டுச் சென்றார். கானாடுகாத்தானில் உள்ள விடுதிகளுக்கும் சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கும் நாங்கள் கொடுத்த பில்களில் இருந்தவை செல்லாத எண்கள். செப்டம்பர் 11 ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய, விற்பனை விவரங்களுக்கான ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் தானாக வந்து சேர வேண்டிய அந்த பில்கள் வரவில்லை என்பதை எங்கள் கணக்காளர் கவனித்திராவிட்டால், வாங்கியவர்களின் உள்ளீட்டு வரி வரவும் (வாங்கும்போது கட்டிய வரியைத் தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) கேள்விக்குள்ளாகியிருக்கும்.

பாத்திரங்கள் மீதான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைவது செப்டம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்டு, 22 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய பதிப்பில் ஒரு பொருளுக்கு ஒரே வரி விகிதத்தைத்தான் பதிய முடிகிறது; எந்த நாள் முதல் எந்த விகிதம் என்று குறிக்க இடமில்லை. ஆவணியில் 12 சதவீத வரியுடன் விற்ற குத்துவிளக்கைப் புரட்டாசியில் ஒருவர் திருப்பித் தந்தால், அதற்கு நாங்கள் தரும் வரவுக் குறிப்பும் (கிரெடிட் நோட்) 12 சதவீதத்திலேயே அமைய வேண்டும். மென்பொருளோ 5 சதவீதம் என்கிறது. பழைய பில்லைத் திறந்து பார்க்கலாமென்றால், பழைய பில்களே புதிய பதிப்பில் இல்லை. வரவுக் குறிப்புகளை எல்லாம் கையால் எழுதித் தருகிறோம். இதற்குத் தாங்கள் அனுப்பிய திருத்தமும் தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகே வந்தது. அதுவும் ஜவுளிப் பிரிவை மட்டுமே சரிசெய்தது.

முதல் வாரத்திலேயே பழைய பதிப்புக்குத் திரும்பக் கேட்டோம். காப்பு நகல் இருப்பதாகச் சொன்னீர்கள். அதை ஒருமுறையாவது மீட்டுச் சோதித்தீர்களா என்று கேட்டபோது பதில் இல்லை. மூன்று கடைகளில் சிறியதான தேவகோட்டையில் மட்டும் சில நாட்கள் பழையதையும் புதியதையும் இணையாக ஓட்டி, அன்றன்றைய கல்லாக் கணக்கை ஒப்பிட்டிருந்தால், மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவை மற்ற இரண்டு கடைகளுக்குப் போயிருக்காது. இந்த யோசனையை முன்வைத்தவர்கள் நாங்கள்தான்; கூடுதல் செலவு என்று சொல்லித் தவிர்த்தது தங்கள் தரப்பு.

எனவே, நிலுவை ஆர்டர்கள், முன்பணம், பழைய பில்கள் அனைத்தையும் முழுமையாகக் கொண்டுவந்து, எங்கள் பணியாளர் முன்னிலையில் கிடங்கு இருப்புடன் சரிபார்த்துக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். செல்லாத எண்களுடன் போன பில்களைத் திருத்துவதற்கான கணக்காளர் கட்டணத்தைத் தாங்கள் ஏற்க வேண்டும். இனி எந்த மாற்றத்தையும் எங்கள் எழுத்து மூலமான சம்மதத்துடன், எங்கள் தரவிலேயே சோதித்த பின்னரே செய்ய வேண்டும். அதற்கு மார்கழி முற்பாதி எங்களுக்கு வசதிப்படும், பிற்பாதியில் பொங்கல் பானை வியாபாரம் தொடங்கிவிடும். நவம்பர் 15 ஆம் தேதிக்குள் பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் காரைக்குடிக்கு நேரில் வந்து இப்பணியைத் தொடங்காவிட்டால், ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்தி வைத்து, ஒப்பந்தத்தின்படி மேல் நடவடிக்கை எடுப்போம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இணைப்பு: தள்ளிவைக்கக் கோரிய கடிதத்தின் நகல், தவறான பில்களின் நகல்கள், இருப்பு வேறுபாட்டுப் பட்டியல்.

இப்படிக்கு,
உரிமையாளர்